காரியாலயத்தைச் சுமந்த இரு பெட்டிகள்

அன்றாட ஆபீஸ் வேலைக்கென்று ஒரு மடிக்கணினி வாங்கப் புறப்படுகிற எவரும், கடைக்காரர் மேஜைமேல் எடுத்துவைக்கும் இரண்டு யந்திரங்களை மாறி மாறிப் பார்த்து, இதன் எடை என்ன, அதன் திரை எவ்வளவு அகலம், விசைகள் விரலுக்கு இதமாக இருக்கின்றனவா, விலை நம் சக்திக்கு உட்பட்டதா, ஆபீஸில் மற்றவர்கள் தயாரித்து அனுப்புவதை இதில் திறந்து படிக்க முடியுமா என்று ஐந்தாறு கேள்விகளைக் கேட்டுத் திருப்தியடைந்த பிறகுதான் பணத்தை எடுக்கிறார். இந்தக் கேள்விகள் நேற்று இன்று தோன்றியவை என்று எண்ணிவிடக் கூடாது. 1981-ஆம் ஆண்டிலிருந்து 1983-ஆம் ஆண்டுக்குள், அமெரிக்க தேசத்தில், கைப்பிடி வைத்த இரண்டு கனத்த பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைக்கு வந்தபோது, அந்நாட்டு வியாபாரிகளும் கணக்கர்களும் பத்திரிகையாளர்களும் கேட்கத் தொடங்கிய கேள்விகள் இவை. முதலில் வந்ததன் பெயர் ஆஸ்பர்ன் 1. பின்னால் வந்தது காம்பாக் போர்ட்டபிள். இரண்டில் எது அதிக நாள் நிலைத்தது என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனால் எது எந்த வகையில் சிறந்தது, ஏன் அரை விலைக்குக் கிடைத்தது தோற்று, இரு மடங்கு விலையுள்ளது வென்றது என்பதைச் சற்று நின்று பார்ப்பவர்கள் குறைவு.

அதற்கு முன்பு கம்ப்யூட்டர் என்பது வைத்த இடத்தைவிட்டு அசையாத பொருள். பெரிய ஸ்தாபனங்களில் குளிரூட்டிய அறைகளில் வீற்றிருந்த யந்திரங்களை விட்டுவிட்டாலும், 1970-களின் பிற்பாதியில் தனி மனிதர் வாங்கக்கூடியதாக வந்த சிறிய கம்ப்யூட்டருக்குக்கூடத் திரை ஒன்று, விசைப்பலகை ஒன்று, தகவலைப் பதித்துவைக்கும் ஃப்ளாப்பித் தட்டுகளைச் சுழற்றும் பெட்டி ஒன்று என்று அங்கங்கள் தனித்தனியாக இருந்தன. அவற்றை இணைக்கும் கம்பிகளை மேஜைக்குப் பின்னால் ஒரு முறை மாட்டிவிட்டால், அப்புறம் அவற்றைக் கழற்ற யாரும் விரும்புவதில்லை. தூக்கிச் செல்லத்தக்க கம்ப்யூட்டர் என்ற எண்ணம் ஆராய்ச்சிக்கூடங்களில் இல்லாமற் போகவில்லை. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ஆலன் கே முதலிய அறிஞர்கள் 1978-வாக்கில் நோட்டேக்கர் என்ற பெயரில் அத்தகைய யந்திரம் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். அது மாதிரி அளவிலேயே நின்றுவிட்டது. அந்த எண்ணத்தைக் கடைவீதிக்குக் கொண்டுவந்தவர், மின்னணுத் துறையில் படித்துத் தேறியவரோ வியாபாரப் பரம்பரையில் வந்தவரோ அல்லர். புத்தகம் எழுதிப் பிழைத்தவர்.

ஆடம் ஆஸ்பர்ன் 1939-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி பாங்காக் நகரத்தில் பிறந்தார். தந்தையார் ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர். தாயார் லூசியா போலந்து தேசத்தவர். ஸ்ரீ ரமண மகரிஷியின் சரித்திரத்தையும் உபதேசங்களையும் ஆங்கில உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவராகப் பிற்காலத்தில் பெயர் பெற்ற ஆர்தர், அப்போது பாங்காக் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியராக இருந்தார். 1941-இல் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தவர், மனைவியும் குழந்தைகளும் இங்கேயே தங்க, தாம் மட்டும் உத்தியோகத்துக்குத் திரும்பினார்; திரும்பிய சில மாதங்களில் ஜப்பானியப் படைகள் சயாமில் இறங்கவே, யுத்தம் முடியும்வரை அவர் சிறை முகாமில் காலம் கழிக்க நேர்ந்தது. தாயும் குழந்தைகளும் அந்த ஆண்டுகளைத் திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தின் அரவணைப்பில் கழித்தார்கள். அங்கே வளர்ந்த சிறுவன் ஆடம் தமிழைச் சரளமாகப் பேசினான். கொடைக்கானலில் கான்வென்ட் பள்ளியில் படித்துவிட்டு, பதினோராம் வயதில், 1950-இல், இங்கிலாந்துக்குப் போனான். பின்னர் 1961-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரசாயன எஞ்சினீயரிங் பட்டமும், 1968-இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்று, ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார். கடினமான விஷயத்தை வெளியார்க்கும் விளங்கும்படி எழுதும் ஆற்றல் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. தந்தை எழுதியது ஆத்ம விசாரத்தைப் பற்றி. மகன் எழுதியது மைக்ரோபிராசசரைப் பற்றி. விளங்கவைக்கும் வேலை இருவருக்கும் பொதுவாயிருந்தது.

ஷெல் உத்தியோகத்தை விட்ட பிறகு ஆஸ்பர்ன் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு விளக்கக் கையேடுகள் எழுதித் தரும் தொழிலை மேற்கொண்டார். மைக்ரோகம்ப்யூட்டர்களை அறிமுகம் செய்யும் அவருடைய நூலை ஏற்கப் பிரசுரகர்த்தர்கள் முன்வராமற் போகவே, அதைத் தாமே அச்சிட்டு, கலிபோர்னியாவில் பொழுதுபோக்காகக் கம்ப்யூட்டர் செய்வோர் கூடிய ஹோம்பிரூ சங்கத்தின் கூட்டங்களுக்கு அட்டைப் பெட்டியில் எடுத்துச் சென்று விற்றார். இம்சாய் என்ற கம்பெனி, தான் விற்ற யந்திரம் ஒவ்வொன்றோடும் அந்தப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தது. யந்திரத்தை வாங்குகிறவனுக்கு யந்திரம் மட்டும் போதாது, அதைக்கொண்டு காரியம் செய்வதற்கு வேண்டியதும் கூடவே கைக்கு வர வேண்டும் என்ற உண்மை, தம் புத்தகம் விற்ற விதத்திலிருந்தே அவர் மனத்தில் பதிந்திருக்கக் கூடும். 1979-இல் தம் பதிப்பகத்தை மக்ரா-ஹில் ஸ்தாபனத்துக்கு விற்ற பிறகு கையில் பணம் இருந்தது. பத்திரிகைகளில் எழுதிய விமர்சனங்களால், தயாரிப்பாளர்கள் அஞ்சத்தக்க பெயரும் இருந்தது. குறை சொல்வதோடு நில்லாமல் தாமே ஒன்றைச் செய்து காட்டலாம் என்று அவர் துணிந்தபோது, யந்திரத்தை வடிவமைக்கக் கிடைத்தவர் ஹோம்பிரூ சங்கக் கூட்டங்களை நடத்திவந்த லீ ஃபெல்சென்ஸ்டைன்.

1981 ஏப்ரல் மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மேற்குக் கரைக் கம்ப்யூட்டர் கண்காட்சியில் ஆஸ்பர்ன் 1 முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. மூடிய நிலையில் பார்த்தால் பெட்டியில் வைத்த தையல் யந்திரத்தைப் போல இருக்கும். மூடியைக் கழற்றினால் அந்த மூடியே விசைப்பலகை. நடுவில் 5 அங்குலத் திரை. திரைக்கு இருபுறமும் ஃப்ளாப்பி செலுத்தும் வாய்கள் இரண்டு. அவற்றின் கீழே ஃப்ளாப்பிகளைச் செருகிவைக்கும் அறைகள். உள்ளே 4 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இசட்-80 பிராசசரும் 64 கிலோபைட் நினைவகமும் இருந்தன. எடை சுமார் 11 கிலோ. விமானத்தில் பிரயாணி அமரும் ஆசனத்தின் அடியில் அடங்க வேண்டும் என்பதையே அளவுகோலாகக் கொண்டு பெட்டியின் பரிமாணம் நிர்ணயிக்கப்பட்டது. பெட்டிக்குள் பாட்டரி கிடையாது. சுவரில் மின்சாரம் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஆகவே பிரயாணத்தின்போது எழுதுவதற்கு இது உதவவில்லை. போய்ச் சேர்ந்த ஊரில், ஹோட்டல் அறையிலோ வாடிக்கையாளரின் மேஜையிலோ, தன் ஆபீஸைத் திறந்துவைத்துக்கொள்வதற்கு உதவியது. அக்காலத்துக்கு அதுவே பெரிய விடுதலை.

இவ்வளவையும்விட ஜனங்களைத் திகைக்கச் செய்தது விலை. 1,795 டாலர் என்று அறிவித்து, அந்த விலைக்குள்ளேயே கடிதம் எழுதுவதற்கு வேர்ட்ஸ்டார், ஒரே கடிதத்தைப் பல முகவரிகளுக்கு அடித்தெடுப்பதற்கு மெயில்மெர்ஜ், கணக்குப் பட்டியல் போடுவதற்கு சூப்பர்கால்க், சொந்தமாகப் புரோகிராம் எழுதுவோர்க்கு இரண்டு வகை பேசிக், இவை எல்லாம் ஓடுவதற்கு ஆதாரமான சி.பி./எம். என்று ஒரு முழு ஆபீஸுக்கு வேண்டிய புரோகிராம்களை ஃப்ளாப்பிகளில் சேர்த்துக் கொடுத்தார் ஆஸ்பர்ன். தனித்தனியே வாங்கினால் அவற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 1,500 டாலர் ஆகும். இந்தப் புரோகிராம்களின் சொந்தக்காரர்கள் சிலருக்குத் தம் கம்பெனியின் பங்குகளைக் கொடுத்து, மிகக் குறைந்த கட்டணத்துக்கு உரிமை பெற்றதனால் இது சாத்தியமாயிற்று. அதுவரை கம்ப்யூட்டர் வாங்கிய வியாபாரி, யந்திரத்தை ஓரிடத்திலும் புரோகிராமை வேறோரிடத்திலும் வாங்கி, இரண்டும் பொருந்தாதபோது இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பெட்டியைத் திறந்த அன்றே கடிதம் எழுதலாம் என்ற நிலைமையை உண்டாக்கியதுதான் ஆஸ்பர்ன் செய்த மகத்தான காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம். யந்திரத்தைத் தூக்கிச் செல்லும்படி செய்ததைக்கூட நான் அதற்கு அடுத்தபடியாகவே வைப்பேன்.

1981 ஜூலை மாதம் விற்பனை தொடங்கியது. யந்திரத்தின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து 10,000 பெட்டிகள் விற்கும் என்று திட்டமிட்டிருந்த கம்பெனி, முதல் எட்டு மாதங்களிலேயே 11,000 பெட்டிகளை விற்றது; பின்னால் உச்சநிலையில் ஒரே மாதத்தில் 10,000 விற்றது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாமல் தொழிற்சாலை திணறியது. இந்த வெற்றியைப் பார்த்து முதலில் களத்தில் இறங்கியவர், டிஜிட்டல் வோல்ட்மீட்டரைக் கண்டுபிடித்த ஆண்ட்ரூ கே. அவருடைய கேப்ரோ II, 1982-இல், அதே 1,795 டாலர் விலைக்கு, உலோகப் பெட்டியில் 9 அங்குலத் திரையோடும் வரிக்கு 80 எழுத்தோடும் வந்தது. ஆஸ்பர்ன் 1-இன் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். அந்த 5 அங்குலத் திரையில் வரிக்கு 52 எழுத்துக்கள்தாம் தெரியும். டைப்ரைட்டரில் அடித்த சாதாரணக் கடிதத்தின் வரி 65, 70 எழுத்துக் கொள்ளுமாகையால், ஒரு வரியின் தலையையும் வாலையும் ஒருங்கே பார்க்க முடியாமல், விசைகளை அழுத்திக் காட்சியை வலப்புறமும் இடப்புறமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஆஸ்பர்னை வீழ்த்தும் சக்தி கலிபோர்னியாவிலிருந்து வரவில்லை. ஆஸ்பர்ன் 1 விற்பனைக்கு வந்த மறுமாதமே, 1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி, ஐ.பி.எம். தன்னுடைய பர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. பெரிய கம்பெனிகளின் கணக்குப் பகுதிகளில் ஐ.பி.எம். என்ற மூன்றெழுத்துக்கு இருந்த மதிப்பு சாமானியமானதன்று. புதிய யந்திரம் வேகமாகப் பரவியது. அது மேஜைமேல் இருப்பது; எடுத்துச் செல்ல முடியாது. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரத்தில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் மேலாளர்களாக இருந்த ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ என்ற மூவர் வேலையை உதறிவிட்டு 1982 பிப்ரவரியில் காம்பாக் என்ற புதுக் கம்பெனி தொடங்கியபோது இந்த இடைவெளிதான் அவர்கள் கண்ணில் பட்டது. அவ்வூர் உணவு விடுதி ஒன்றில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் காம்பாக் போர்ட்டபிள் பெட்டியின் உருவம் முதன்முதலாக வரையப்பட்டது என்பது அந்தக் கம்பெனியின் பிரசித்தமான வரலாறு. பென் ரோசன் என்ற முதலீட்டாளர் பணம் கொடுத்துத் தலைவராக வந்தார். ஐ.பி.எம். யந்திரத்துக்காக எழுதப்பட்ட எந்தப் புரோகிராமும், ஒரு மாற்றமும் இன்றி, அதே ஃப்ளாப்பியிலிருந்து தங்கள் பெட்டியிலும் ஓட வேண்டும் என்பதை ஒரே லட்சியமாக வைத்துக்கொண்டார்கள்.

அந்த லட்சியத்துக்குக் குறுக்கே ஓர் இடையூறு இருந்தது. ஐ.பி.எம். யந்திரத்தின் பிராசசர் இன்டெல் 8088. அதை யாரும் விலைக்கு வாங்கலாம். சி.பி./எம். போல அதில் ஓடிய ஆதாரப் புரோகிராமான டாஸ் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது, அதையும் வாங்கலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருந்து, விசையை அழுத்தினால் எழுத்தை வாங்கிக்கொள்வது, திரையில் புள்ளியிடுவது போன்ற அடிப்படைச் செயல்களைச் செய்யும் பயோஸ் என்ற சிறு புரோகிராம் மட்டும் ஐ.பி.எம்.மின் சொந்த உடைமை. அதன் வரிகள் முழுவதையும் ஐ.பி.எம். தன் விளக்க நூலில் அச்சிட்டே வெளியிட்டிருந்தது. அதனால் அதைப் படித்த எவனும் பின்னால் அதைப்போல் ஒன்றை எழுதினால் நகலெடுத்தான் என்று வழக்குத் தொடரலாம். காம்பாக்கின் எஞ்சினீயர்கள் இதற்குக் கண்ட வழி, சட்டத்தை மதித்தும் அறிவைப் பயன்படுத்தியும் கண்ட வழியாகையால் இங்கே விரிவாகச் சொல்லத்தக்கது. ஒரு கூட்டத்தார் அந்த வரிகளைப் படித்து, இன்ன கட்டளை வந்தால் இன்ன பலன் கிடைக்க வேண்டும் என்று பலன்களை மட்டும் பட்டியலாக எழுதினார்கள். அவற்றை ஒரு நாளும் பார்த்தறியாத வேறொரு கூட்டத்தார் அந்தப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் சொந்த மூளையால் புதிதாக எழுதினார்கள். சுமார் 10 லட்சம் டாலர் செலவாயிற்று. லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குப் புரோகிராமும் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றும், யந்திரத்தின் ஒவ்வொரு நரம்பையும் தொட்டு வேலை வாங்குபவை ஆகையால், ஒரு பெட்டி உண்மையிலேயே ஐ.பி.எம்.முக்குச் சமானமா என்று சோதிப்பதற்கு அக்காலத்தில் உரைகல்லாக விளங்கின. காம்பாக் அந்தச் சோதனையில் தேறியது.

1982 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 1983-இல் கடைகளுக்கு வந்த காம்பாக் போர்ட்டபிளின் எடை 12.7 கிலோ. ஆஸ்பர்னைவிட ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ அதிகம். 11 கிலோவைத் தூக்கி விமானம் ஏறுகிறவனுக்கு அந்த ஒன்றரைக் கிலோ ஒரு பொருட்டன்று. இரண்டுக்கும் சுவரில் மின்சாரம் வேண்டும். சுமப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மேஜைமேல் வைத்துத் திறந்த பிறகுதான் வேற்றுமைகள் தெரியும். காம்பாக்கின் 9 அங்குலப் பச்சைத் திரை வரிக்கு 80 எழுத்தைத் தெளிவாகக் காட்டியதோடு, அதே திரையில் வரைபடங்களையும் காட்டியது, ஐ.பி.எம். யந்திரத்திலோ தெளிந்த எழுத்துக்கு ஓர் ஏற்பாடும் படத்துக்கு வேறோர் ஏற்பாடும் தேவைப்பட்டன. ஆஸ்பர்னின் ஃப்ளாப்பி ஒன்று சுமார் 91 கிலோபைட் கொண்டது. ஒரு பக்கத்துக்கு இரண்டு கிலோபைட் என்று கணக்கிட்டால் 45 பக்கம். வேர்ட்ஸ்டார் உள்ள ஃப்ளாப்பியை ஒரு வாயிலும் கடிதங்கள் உள்ள ஃப்ளாப்பியை மறு வாயிலும் வைத்துக்கொண்டால், ஒரு சிறு வியாபாரியின் ஒரு நாள் கடிதப் போக்குவரத்துக்கு அது தாராளமாகவே போதும். காம்பாக்கின் ஃப்ளாப்பி 320 கிலோபைட், மூன்றரை மடங்கு. ஆஸ்பர்னின் நினைவகம் 64 கிலோபைட்டுக்குமேல் வளர வழியில்லை. காம்பாக்கின் நினைவகம் 128-இல் தொடங்கி 640 வரை வளரும். கணக்குப் பட்டியலில் வரிசைகள் ஏற ஏற இந்த வேற்றுமை நாளுக்கு நாள் உறைக்கும். பெட்டியின் உட்கூட்டையும் ஃப்ளாப்பி ஓட்டிகளையும் அதிர்ச்சி தாங்கும்படி அமைத்ததில் காம்பாக் அதிக சிரத்தை காட்டியது. இடித்தும் இறக்கியும் கொண்டுசெல்லும் பொருளுக்கு அது அத்தியாவசியம்.

விலையைப் பாருங்கள். ஒரே ஃப்ளாப்பி ஓட்டியோடு வந்த காம்பாக் 2,995 டாலர். ஆனால் ஒரே ஓட்டியை வைத்துக்கொண்டு புரோகிராமையும் கடிதத்தையும் மாற்றி மாற்றிச் செருகுவது ஆபீஸ் வேலைக்கு ஆகாதென்று இரண்டாவதையும் சேர்த்தால் 3,590 டாலர். இது ஆஸ்பர்ன் 1-இன் விலையில் சரியாக இரண்டு மடங்கு. அதன்மேலும், ஆஸ்பர்னோடு இனாமாக வந்த எழுத்துப் புரோகிராமும் கணக்குப் புரோகிராமும் இங்கே கிடையா. லோட்டஸ் 1-2-3-க்கு மட்டும் 495 டாலர் தனியே கொடுக்க வேண்டும். ஒரு காம்பாக்கும் அதற்கு வேண்டிய புரோகிராம்களும் வாங்கும் பணத்தில், ஓர் ஆபீஸ் இரண்டு ஆஸ்பர்ன்களை வாங்கி, மீதிப் பணத்தில் பிரிண்டரையும் பார்க்கலாம். கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும், 1983-ஆம் ஆண்டில் 53,000 காம்பாக் பெட்டிகள் விற்றன. முதல் ஆண்டிலேயே 11 கோடியே 10 லட்சம் டாலர் வருமானம் என்பது அமெரிக்க வியாபார சரித்திரத்தில் அதுவரை காணாத சாதனை.

இதற்குக் காரணம் ஜனங்களின் ஆடம்பர மோகம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. ஆபீஸில் ஒருவன் செய்கிற வேலை அவனோடு முடிவதில்லை. விற்பனைப் பிரதிநிதி வெளியூரில் தயாரித்த பட்டியலைத் தலைமை ஆபீஸில் கணக்கர் திறந்து பார்க்க வேண்டும். கணக்கர் திருத்தியதை மேலதிகாரி படிக்க வேண்டும். சி.பி./எம். யந்திரங்கள் எல்லாம் பெயரளவில் ஒரே குடும்பமாயினும், ஒவ்வொரு கம்பெனியும் ஃப்ளாப்பியில் எழுதும் முறையைத் தன் இஷ்டப்படி வகுத்துக்கொண்டிருந்ததால், ஆஸ்பர்னில் எழுதிய ஃப்ளாப்பியை கேப்ரோவிலேகூட நேராகப் படிக்க இயலாது, ஐ.பி.எம்.மைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காம்பாக் வாங்கியவனோ, இரவு ஹோட்டலில் எழுதிய ஃப்ளாப்பியைக் காலையில் ஆபீஸிலுள்ள ஐ.பி.எம். யந்திரத்தில் செருகி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். ஒரு தனி மனிதனின் வேலைக்கு எது போதும் என்பதை ஆஸ்பர்ன் மிக நுட்பமாகக் கணித்தார். அந்த மனிதன் யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறான் என்பதை காம்பாக் கணித்தது. நாவலாசிரியருக்கும், தனித்து இயங்கிய சிறு கடைக்காரருக்கும் நான் அன்று யோசனை சொல்லும்படி இருந்திருந்தால் ஆஸ்பர்னையே வாங்கச் சொல்லியிருப்பேன். பத்துப் பேர் உள்ள ஆபீஸுக்கு அப்படிச் சொல்ல மனம் துணியாது.

ஆஸ்பர்ன் கம்பெனியின் வீழ்ச்சி, எழுச்சியைவிட வேகமாக நடந்தது. 1983-இன் தொடக்கத்தில் உணவுப் பொருள் தொழிலில் அனுபவம் பெற்ற ராபர்ட் ஜானிக் என்பவர் கம்பெனியின் பிரசிடெண்டாக நியமிக்கப்பட்டார். அந்த வசந்த காலத்தில், 7 அங்குலத் திரையும் வரிக்கு 80 எழுத்தும் 128 கிலோபைட் நினைவகமும் உள்ள எக்சிக்யூட்டிவ் என்ற புதிய மாதிரி 2,495 டாலர் விலைக்கு வந்தது. புதியது வருகிறதென்ற செய்தி முன்கூட்டியே பரவியதால் பழையதை வாங்குவோர் நின்றுவிட்டார்கள், கையிருப்பு தேங்கிப் பணம் முடங்கியது, அதனால்தான் கம்பெனி அழிந்தது என்று சொல்வது வழக்கமாகி, வியாபாரக் கல்லூரிகளில் அதற்கு ஆஸ்பர்ன் விளைவு என்ற பெயரும் ஏற்பட்டுவிட்டது. இந்த விளக்கம் கேட்பதற்கு அழகாக இருப்பதாலேயே நிலைத்தது என்று கருதுகிறேன். அப்போது கம்பெனிக்கு அருகிலிருந்து பார்த்தவர்கள் வேறு காரணங்களையும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்: அதே விலைக்கு கேப்ரோ பெரிய திரை கொடுத்தது, மறுபுறம் காம்பாக் நெருக்கியது, மிஞ்சிக் கிடந்த பழைய உதிரிப் பாகங்களை வீணாக்காமல் முழு யந்திரங்களாக்கி விற்கலாமென்று மேலும் பெருந்தொகை செலவிட்டார்கள். வேகமாகப் பெருகிய கம்பெனிக்குக் கணக்கு வழக்குகளைச் சீராக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு போதவில்லை என்பதும் உண்மை. 1983 செப்டம்பர் 13-ஆம் தேதி ஆஸ்பர்ன் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் திவால் மனுக் கொடுத்தது. மறு ஆண்டே ஆடம் ஆஸ்பர்ன், பத்திரிகையாளர் ஜான் டுவோராக்குடன் சேர்ந்து, தம் கம்பெனியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பற்றி ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார்.

பெட்டிக் கம்ப்யூட்டர்களின் காலம் அதற்குப்பின் அதிக நாள் நீடிக்கவில்லை. ஐ.பி.எம். 1984-இல் தானும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, காம்பாக்கை அசைக்க முடியாமல் விட்டுவிட்டது. தோஷிபா 1985-இல் வெளியிட்ட டி1100, பாட்டரியால் இயங்குவதாய், தட்டைத் திரையை மூடி மடக்குவதாய், ஐ.பி.எம். புரோகிராம்களை ஓட்டுவதாய், 4 கிலோ எடையில் வந்தபோது, மடியில் வைத்து வேலை செய்யும் கம்ப்யூட்டர் வியாபாரிக்கு எட்டும் பொருளாயிற்று. காம்பாக் 1989-இல் எல்.டி.ஈ. என்ற பெயரில், எழுதும் காகிதத்தின் நீள அகலமே உள்ள 3 கிலோ யந்திரத்தைக் கொடுத்தது. 2002-இல் காம்பாக் ஹியூலட்-பேக்கார்டுடன் இணைந்தது.

ஆஸ்பர்னின் பிற்கால முயற்சியொன்றைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவு பெறாது. 1984-இல் அவர் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்ற கம்பெனியைத் தொடங்கினார். காகித அட்டைப் புத்தகம் விற்கும் மலிவில் புரோகிராம்களை விற்பது அதன் நோக்கம். லோட்டஸ் 1-2-3-இன் அதே கட்டளைகள், அதே வரிசை, அதே விசைகள் என்று, அதில் பழகியவன் புதிதாக ஒன்றும் கற்க வேண்டாதபடி அமைத்த வி.பி.-பிளானர் என்ற கணக்குப் புரோகிராமை, 495 டாலருக்கு எதிராக 99 டாலருக்குக் கொடுத்தார். தம்மை வீழ்த்திய பாடத்தை அவர் முழுமையாகக் கற்றுக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் காம்பாக்குக்கு வழிவிட்ட சட்டம் அவருக்கு வழிவிடவில்லை. 1987-இல் லோட்டஸ் வழக்குத் தொடர்ந்தது. உள்ளே எழுதிய வரிகள் வேறாக இருந்தாலும், வெளியே தெரியும் கட்டளைகளின் அமைப்பும் வரிசையும்கூட ஆசிரியன் உரிமைக்கு உட்பட்டவையே என்று 1990-இல் பாஸ்டனில் நீதிபதி ராபர்ட் கீட்டன் தீர்ப்பளித்தார். வி.பி.-பிளானரின் விற்பனை நின்றது. உடல் நலம் குன்றிய ஆஸ்பர்ன் 1992-இல் இந்தியாவுக்குத் திரும்பி, தம் கடைசி ஆண்டுகளைக் கொடைக்கானலில் கழித்து, 2003 மார்ச் 18-ஆம் தேதி அங்கேயே காலமானார். இதனிடையே, இதே பொருளைப் பற்றி போர்லாண்டு என்ற வேறொரு கம்பெனிமீது லோட்டஸ் தொடுத்த வழக்கில், கட்டளைகளின் வரிசை என்பது யந்திரத்தை இயக்கும் முறையே ஆகையால் அதற்கு ஆசிரியன் உரிமை கிடையாது என்று 1995-இல் அப்பீல் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நால்வருக்கு நால்வராகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. இந்த நியாயப்படி பார்த்தால் வி.பி.-பிளானருக்கும் தடை விழுந்திருக்காது என்பது என் எண்ணம். அப்போது அது கடைகளில் இல்லை.